சாந்துக்காரியின் ஐந்தாம் எழுத்து

சாந்துக்காரிக்கு நாலு எழுத்து தெரியும். நாலுக்கு மேல் ஒன்றுகூடத் தெரியாது என்று சான்றிதழே கொடுத்திருந்தார்கள். கெட்டி அட்டை, ஓரமெல்லாம் தங்க நிறக் கொடி, அடியில் மூன்று பேரின் கையொப்பம். 'மேற்படி பயனாளி தம் பெயருக்குரிய எழுத்துகளை ஐயம் திரிபற அறிவார் என்றும், அவற்றைத் தவிர வேறெந்த எழுத்தையும் அறியார் என்றும் இதனால் உறுதி செய்யப்படுகிறது.' அட்டையில் இப்படித்தான் இருக்கிறது என்று டீச்சர் படித்துச் சொன்னாள். சொல்லிவிட்டு, தான் படித்துச் சொன்னதை வெளியே சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள்.

சாந்துக்காரி கொத்து வேலையில் சித்தாள். சாந்து குழைப்பதில் கைராசிக்காரி என்று ஊரில் பேச்சு உண்டு. அதனால் அந்தப் பெயர். அவள் வீட்டுக்காரர் கொத்தனார். ஊரைச் சுற்றி நடந்த துப்பாக்கிச் சண்டை முடியப் போகிற சமயத்தில் ஒரு காலை, சீருடை போட்டவர்கள் வண்டியோடு வந்து, "ஒரு பாலம் கட்டணும், சாயங்காலம் கொண்டாந்து விட்டுடுறோம்" என்று அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தச் சாயங்காலம் இன்னும் வரவில்லை.

அந்த ஊரில் இது ஒன்றும் புதுக் கதையல்ல. ஒரு வீட்டில் மகன், ஒரு வீட்டில் தம்பி, ஒரு வீட்டில் அப்பாவும் மருமகனும் சேர்ந்து. பெண்கள் எல்லாரும் தேடல் பிரிவுக்குப் போய் மனுக் கொடுத்தார்கள். யாரிடமாவது சொல்லி எழுதி வாங்கி, அடியில் கட்டைவிரலை மையில் தோய்த்து வைப்பார்கள். கொஞ்ச நாள் வாங்கிப் போட்ட குமாஸ்தா, ஒருநாள் மனுக்கட்டை ஜன்னல் வழியாகத் திருப்பித் தள்ளினார்.

"எல்லாம் ஒரே நீலமா இருக்கும்மா. யாருது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ரேகை பாக்குற ஆளையும் மாத்திட்டாங்க. கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க, தேடுறோம்."

"கையெழுத்துப் போடத் தெரியாதுங்களே."

"அப்ப தேட முடியாதும்மா. நாங்க என்ன பண்றது?"

காணாமல் போனவரைத் தேடுவதற்கும் கட்டைவிரலுக்கும் என்ன சம்பந்தம் என்று சாந்துக்காரிக்குப் புரியவில்லை. ஆனால் ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர்களுக்குப் புரிவதெல்லாம் வெளியே நிற்பவர்களுக்குப் புரிய வேண்டும் என்று கட்டாயமா என்ன? அவள் திரும்பி வந்துவிட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் பெண்டிர் கையொப்ப மேம்பாட்டு இயக்ககம் ஊருக்குள் வந்தது. ஊர்க்காரர்கள் வாயில் அந்தப் பெயர் நுழையாததால் 'கையெழுத்து ஆபீஸ்' ஆயிற்று. தானியக் கிடங்காக இருந்த பெரிய கட்டடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அதன் சுவரில் குண்டு துளைத்த ஓட்டைகள் இருந்தன. ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு சுவரொட்டி: 'எழுத்தே ஒளி', 'ஒளியே வழி', 'வழியே வளர்ச்சி'. பெரிய ஓட்டைக்கு இயக்குநரின் படம்.

இயக்குநர் கழுத்தில் இரண்டு அட்டை தொங்கும். ஒன்று அவர் யார் என்பதற்கு. மற்றது, முதல் அட்டை செல்லும் என்பதற்கு. முதல் நாளே பெண்களைக் கூட்டிவைத்துப் பேசினார்.

"தாய்மார்களே! எழுத்துங்கிறது தண்ணி மாதிரி. தாகத்துக்குக் கொடுக்கலாம். அணையைத் திறந்து விட்டா ஊர் என்ன ஆகும்? அதுலயும் இது சண்டை நடந்த பூமி. அதனால எங்க நிபுணர்கள் ரொம்ப யோசிச்சு 'தேவைக்கேற்ற எழுத்து'ன்னு ஒரு திட்டம் வகுத்திருக்காங்க. ஒரு பொம்பளைக்கு என்ன தேவை? கையெழுத்து. அதுக்கு என்ன வேணும்? அவ பேரு. அவ பேர்ல என்ன எழுத்து இருக்கோ அது அவளுக்கு. மத்தது எதுக்கு? முழு நெடுங்கணக்கையும் தூக்கி ஒருத்தி கையில கொடுத்தா அவ சும்மா இருப்பாளா? வாக்கியம் அமைப்பா. வாக்கியம் அமைச்சா அதுல எழுவாய் வரும். எழுவாய் வந்தா, செஞ்சது யாருன்னு வந்துடும். இதெல்லாம் தேவையா?"

தேவையில்லை என்று பெண்கள் தலையாட்டினார்கள். ஆட்டாவிட்டால் பேச்சு நீளும் என்பது அவர்கள் அனுபவம்.

மறுநாள் வகுப்பு தொடங்கியது. தரையில் சுண்ணாம்பால் கட்டம் கட்டி, ஒவ்வொருத்தியையும் ஒவ்வொரு திசை பார்த்து உட்கார வைத்தார்கள், பக்கத்துச் சிலேட்டைப் பார்க்கக் கூடாதாம். டீச்சர் நல்ல பெண்தான். பயந்த சுபாவம். ஒருத்திக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்ற விதியை வெட்கத்தோடு படித்துக் காட்டினாள்.

கொஞ்ச நாளிலேயே ஊரில் புது ஏழை பணக்காரர் முளைத்தார்கள். தையல்காரியின் அப்பா மூன்று அத்தைமாரையும் சமாதானப்படுத்துவதற்காக மூன்று பேர் பெயரையும் சேர்த்து அவளுக்கு வைத்திருந்தார். அதனால் ஒரு சிலேட்டு போதாமல் இரண்டு சிலேட்டு அவளுக்கு. எழுத்துப் பணக்காரி. ஒரே பெயருள்ள இரண்டு பெண்கள் வந்தபோது, ஒரே செலவை இரண்டு முறை செய்யக் கூடாது என்று ஒருத்திக்கு மட்டும் சொல்லிக்கொடுத்து, மற்றவளைக் கற்றவளாகக் கருதிக்கொண்டார்கள். கோழி வளர்க்கிற கோழிக்காரிக்குக் கிடைத்தது 'ழி'. ஊரிலேயே அவளுக்கு மட்டும்தான் அது.

"என்கிட்ட இருக்கிற எழுத்து எவகிட்டயும் கிடையாது. வேணும்னா வந்து கேளுங்கடி, பாத்துத் தரேன்" என்று கோழிக்குத் தீனி போட்டபடி அவள் சொல்லிக்கொண்டிருப்பாள்.

"உன் ழியை வச்சுக் குழம்பா வைக்கப் போறோம்?" என்பாள் தையல்காரி.

சாந்துக்காரி முதல் நாளே டீச்சரிடம் ஒரு விஷயம் கேட்டாள்.

"டீச்சர், எனக்கு என் பேரு வேணாம். அவர் பேரை எழுதக் கத்துக்கொடுங்க. மனுவுல தேடச் சொல்றது அவரைத்தானே? நான்தான் இங்கயே இருக்கேனே."

டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்தாள். "அவர் பயனாளி இல்லையேக்கா."

"அப்படின்னா?"

"இங்க வந்து பேர் பதியாதவங்களோட எழுத்தைத் தர முடியாதுக்கா."

"அவரு எங்க வந்து பதிவாரு? அவரைத்தானே தேடச் சொல்றேன்?"

டீச்சர் சிலேட்டை அழித்து, சாந்துக்காரி பெயரின் முதல் எழுத்தைப் போட்டுக் கொடுத்தாள்.

எழுத்து போட ஆரம்பித்த பிறகு கசிவு அதிகாரி வந்தார். எழுத்துக் கசிவுத் தடுப்புப் பிரிவு என்று இயக்ககத்தில் தனிப் பிரிவே உண்டு. ஒருத்தியின் எழுத்து இன்னொருத்திக்குக் கசிந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. கையில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் எழுத்து அட்டைகள். ஒவ்வொரு பெண்ணாக நாற்காலியில் உட்கார வைத்து, அட்டையை மூக்குக்கு நேரே பிடித்துக் காட்டுவார்.

"இது என்ன?"

"தெரியாது சார்."

"நல்லது. இது?"

"தெரியாது சார்."

"ரொம்ப நல்லது. இது?"

சாந்துக்காரி அட்டையை உற்றுப் பார்த்தாள். "இது தெரிஞ்ச மாதிரி இருக்கு சார். தெரியலாமா?"

அவர் பதிவேட்டைப் பார்த்தார். "உன் பேர்ல இருக்கு. தெரியலாம்."

அப்படித்தான் அந்தத் தங்கக்கொடி அட்டை அவள் கைக்கு வந்தது. கோழிக்காரியின் மருமகளுக்கு வரவில்லை. பாவம், அந்தப் பெண்ணுக்குக் கண் கூர்மை. தையல்காரிக்குப் பின்னால் உட்கார்ந்து உட்கார்ந்து, அவளுடைய 'லை' இவளுக்கும் படிந்துவிட்டது. அதிகாரி அட்டையைக் காட்டியதும், பாராட்டுவார் என்று நினைத்து, "லை சார்!" என்று பளிச்சென்று சொல்லிவிட்டாள். 'மிகைத் தேர்ச்சி' என்று சிவப்பு மையில் எழுதி அவளை வெளியே அனுப்பினார்கள். அவள் புருஷனைத் தேடச் சொன்ன மனுவும் நின்றுபோனது. கோழிக்காரிக்கு அவன் மகன். மாமியாரும் மருமகளும் அன்றைக்கு ஒருவரோடு ஒருவர் சண்டை போடாமல் வீடு திரும்பியதை ஊரே பார்த்தது.

சாந்துக்காரி அட்டையை மாராப்புக்குள் வைத்துக்கொண்டு தேடல் பிரிவுக்குப் போனாள். மனுவில் நாலெழுத்தையும் அழுத்தி எழுதி ஜன்னலில் நீட்டினாள். குமாஸ்தா வாங்கிப் பார்த்து மெச்சினார்.

"முத்து முத்தா இருக்கேம்மா! சரி, இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி. உங்க ஊர்ல கல் ஒண்ணு வைக்கப் போறாங்க. அதுல எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா எல்லாம் முடிஞ்சிடும்."

"முடிஞ்சிடும்னா, கண்டுபிடிச்சிடுவீங்களா சார்?"

"முடிஞ்சிடும்மா" என்றார் அவர், ஜன்னலைச் சாத்திக்கொண்டே.

கல் விஷயம் உண்மைதான். கிடங்கு வாசலில், நிமிர்த்திவைத்த கட்டில் மாதிரி, சாய்வாக ஒரு சிமெண்ட் பலகை. மேல் பாதியில் வாசகம். கீழ்ப் பாதியில் விழா அன்று ஈரச் சாந்து பூசி, பெண்கள் வரிசையாக வந்து ஆளுக்கு ஒரு பேர், ஒரு வரி என்று ஆணியால் எழுத வேண்டும் என்பது இயக்குநர் உத்தரவு. காய்ந்தால் காலத்துக்கும் நிற்கும். சாந்து குழைக்க ஆள் வேண்டுமே என்று சாந்துக்காரியைக் கூப்பிட்டார்கள். மேல் பாதியை அவள் பூசிக் கொடுத்ததும், பட்டணத்திலிருந்து வந்தவர் மர எழுத்துகளை அழுத்தி அழுத்தி எடுத்து மூன்று வரி பதித்துவிட்டுப் போய்விட்டார்.

டீச்சர் மெதுவாக, "வாசகத்தை முன்னாலேயே இவங்களுக்குப் படிச்சுக் காட்டிடலாமா சார்?" என்று இயக்குநரிடம் கேட்டாள்.

"எதுக்கும்மா? படிக்கிறது அடுத்த கட்டம். அதுக்கு இன்னும் நிதி வரலை. இப்போதைக்கு எழுதுறதுதான் நம்ம வேலை." அவருக்கு அன்று நல்ல மனநிலை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னொண்ணு கவனிச்சியா? இந்த ஊர்ல ஒருத்தி பேர்லயும் 'கே' கிடையாது. பதிவேட்டைப் பூராவும் பாத்துட்டேன். எவ்வளவு பெரிய பாக்கியம்! அந்த ஒரு எழுத்து இல்லாட்டி எவ்வளவு கேள்வி மிச்சம்!"

சாந்துக்காரி கொஞ்ச தூரத்தில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். நாலெழுத்துக்காரி காதில் விழுந்தால் என்ன என்று அவர் நினைத்திருப்பார்.

பூசிய சிமெண்ட் வெடிக்காமல் இருக்க ஈரச் சாக்குப் போட்டு வேளாவேளைக்குத் தண்ணீர் விட வேண்டும். அந்த வேலையும் அவளுக்கே. காவலுக்கு ஆள் போடவில்லை. படிக்கத் தெரிந்தவள் ஒருத்தியும் இல்லை என்று மூன்று பேர் கையெழுத்துப் போட்டுச் சொன்ன ஊருக்குக் காவல் எதற்கு?

முதல் நாள் தண்ணீர் விடும்போது, சாக்குக்கு அடியில் கையை விட்டு ஈரம் ஏறியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். விரல் ஒரு பள்ளத்தில் விழுந்து, அதன் வளைவோடு போயிற்று. அட, இது நம்ம எழுத்து! சந்தையில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. இன்னும் தடவினாள். தெரியாதது, தெரியாதது, மறுபடி ஒரு சொந்தம். நடு வரியில் விரல் நின்றுவிட்டது.

கொம்பு வைத்த ஓர் எழுத்து. அது அவள் பெயரில் இல்லை. சிலேட்டில் ஒருநாளும் எழுதியதில்லை. ஆனால் விரலுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் தண்ணீர் தூக்க ஆள் போதவில்லை என்று சொல்லி, கோழிக்காரியையும் மருமகளையும் தையல்காரியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பட்டப்பகல். கிடங்குக்குள் இயக்குநர் யாருடனோ தொலைபேசியில் தன் சாதனைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். சாக்கைத் தூக்கினார்கள்.

"இது என் லை" என்றாள் மருமகள்.

"உன் லையா? அது என் லைடி. என்கிட்ட இருந்து திருடினது."

"திருடினதுக்குத்தான் தண்டனை அனுபவிச்சுட்டேனே அக்கா. இப்ப அது எனக்கும்தான்."

"சண்டை போடாதீங்கடி. இங்க பாரு, ழியைக் காணோம்" என்றாள் கோழிக்காரி ஏமாற்றத்தோடு. "மூணு வரி எழுதியிருக்கான், ஒரு ழி வைக்கத் தோணலை பாரு."

நாலு பேரால் முடியவில்லை. சாயங்காலத்துக்குள் விஷயம் பரவி, தண்ணீர்ப் பானையோடு ஊரே வந்துவிட்டது. சிமெண்ட் பலகைக்கு இவ்வளவு தண்ணீர் விட்டு யாரும் பார்த்ததில்லை. ஒருத்தி வந்து தன் எழுத்தைத் தொட்டுச் சத்தமாகச் சொல்வாள், நகர்வாள், அடுத்தவள் வருவாள். ஒரே பெயர்க்காரிகள் இருவரும் கையைக் கோத்துக்கொண்டு வந்து ஒரே எழுத்தைச் சொன்னார்கள். 'எ' ஒருத்தி, 'ங்' ஒருத்தி, 'க' நிறையப் பேர். தையல்காரி சேர்த்துச் சேர்த்துச் சொல்லிப் பார்த்தாள்.

"எங்... களுக்கு... எங்களுக்கு! இனி... இனிக்... அப்புறம் இந்தக் கொம்பு வச்சது. யார்கிட்ட இருக்கு இது?"

யாரிடமும் இல்லை. எல்லாப் பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இவரை எனக்குத் தெரியும்" என்றாள் சாந்துக்காரி.

"இவரையா? யாருடி?"

"எங்க வாசப்படியில இருந்தாரே."

வீடு கட்டி முடித்த அன்று, படிக்கட்டுச் சாந்து காய்வதற்கு முன் கொத்தனார் கரண்டி முனையால் தன் பெயரை அதில் எழுதியிருந்தார். "ஊரெல்லாம் வீடு கட்டினேன், ஒரு வீட்டுலயாவது என் பேர் இருக்கட்டும்" என்று சொன்னார். அந்தப் படியை அவள் தினமும் கழுவுவாள். எழுத்துப் பள்ளத்தில் அடையும் மண்ணை விரலால் எடுப்பாள். வீடு குண்டில் போனபோது படி பிளந்தது. மிஞ்சின துண்டில் முதல் எழுத்து மட்டும் இருந்தது. அதையும் யாரோ ஜல்லிக்கு உடைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"அவர் பேரைச் சொல்லு" என்றாள் கோழிக்காரி. குரலில் கிண்டல் போய்விட்டது.

சொன்னாள். ரொம்ப நாளாக மனுவில் மட்டும் இருந்த பெயர், வெயிலில் பலர் காதில் விழுந்தது.

"கே" என்றாள் தையல்காரி. "கே... ட்... ப... தற்கு. கேட்பதற்கு. எதுவும்..." அடுத்த சொல்லைப் பார்த்ததும் கல்லிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள்.

மருமகள்தான் முடித்தாள். "இல்லை."

இவ்வூர்ப் பெண்களாகிய எங்களுக்கு
இனிக் கேட்பதற்கு
எதுவும் இல்லை

பானைகளிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

"யாருக்குடி இல்லை?" என்றாள் கோழிக்காரி. "எனக்கா? என் மகன் எங்கேன்னு எனக்குக் கேக்க ஒண்ணுமில்லையா? இதுக்குக் கீழயா நான் என் ழியைக் கொண்டுபோய் வைக்கணும்?"

சாந்துக்காரிக்கு ஜன்னல் நினைவுக்கு வந்தது. முடிஞ்சிடும்மா. முடிவது எது என்று இப்போதுதான் தெரிந்தது. "நாமளே எழுதிக் கொடுத்ததா ஆயிடும். அதுக்கப்புறம் மனுவையெல்லாம் கட்டிப் பரண்மேல போட்டுடுவாங்க."

"அப்ப எழுத வேண்டாம். யாரும் போக வேண்டாம்."

"போகாட்டி, கைநாட்டுக்காரின்னு திருப்பி விரட்டுவாங்க." சாந்துக்காரி சாக்கை மறுபடி போர்த்தினாள். "எழுதுவோம். ஆளுக்கு ஒரு பேர், ஒரு வரின்னுதானே இயக்குநர் சொன்னார்? யார் பேருன்னு சொல்லலையே."

அப்போதுதான் டீச்சர் பின்னால் நிற்பதைப் பார்த்தார்கள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. கையில் சாக்பீஸ் பெட்டி. டீச்சர் பெட்டியைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வைத்தாள்.

"நான் இந்தப் பக்கமே வரலை" என்று சொல்லிவிட்டு, பெட்டியை எடுக்காமல் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததற்குக் கசிவு என்ற சொல் போதாது. துணி துவைக்கிற கல்லில், கோழிக்கூண்டின் தகரத்தில், தையல் மேசையின் அடிப்பக்கத்தில், பாத்திரக் கரியில் எல்லாம் எழுத்து. காய்கறி மாதிரி மாற்றிக்கொண்டார்கள்.

"எனக்கு ஒரு 'சி' கொடு, என் தம்பிக்கு வேணும்."

"பதிலுக்கு?"

"'ரா' தரேன். நெடில். நல்லா நீளமா இருக்கும்."

கோழிக்காரியின் ழியை யாரும் கேட்கவில்லை. அவளுடைய மகன் பெயருக்கே அது தேவைப்படவில்லை. இருந்தாலும் தேடித் தேடிப் போய் எல்லாருக்கும் இலவசமாகச் சொல்லிக்கொடுத்தாள். "வச்சுக்கங்கடி. நாளைக்கு வேற ஏதாவது எழுத வேண்டியிருக்கும்." சாந்துக்காரி தன் கொம்பு வைத்த எழுத்தைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். கொடுக்கக் கொடுக்க அது குறையவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியம்.

விழா நாள் காலையில் கீழ்ப் பாதிக்குச் சாந்து பூசினாள். பூசும்போது கரண்டி கொஞ்சம் மேலே ஏறியது. மூன்றாவது வரியின் பள்ளங்களில் சாந்தை வைத்து அழுத்தி, மட்டம் தட்டி, கீழ்ப் பாதியோடு ஒன்றாக இழைத்துவிட்டாள். 'எதுவும் இல்லை' இருந்த இடம் வழவழவென்று ஆயிற்று. அதற்கு மேல் இயக்ககத்தார் பட்டுத்துணியைப் போர்த்தினார்கள்.

தலைமையகத்திலிருந்து சிறப்பு விருந்தினர் வந்தார். இயக்குநர் அன்று மூன்று அட்டை போட்டிருந்தார். ஒலிபெருக்கி முன்னால், கல்லுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"மாண்புக்குரிய விருந்தினர் அவர்களே! மனுஷன் பேசினா மறந்துபோகும். கல் பேசினா நிக்கும். இந்தக் கல் சொல்றதுதான் இந்த ஊர்ப் பெண்களோட மனசு. இதுக்கு மேல அவங்க சார்பா யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை. அவங்களும் சொல்லத் தேவையில்லை! இந்தக் கல்லை எவனாவது தொட்டா, அது யாரா இருந்தாலும் சரி, சட்டம் சும்மா விடாது!"

கைதட்டல். விருந்தினர் கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது. விருந்தினருக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது. கண்ணாடி வண்டியில் இருந்தது. "அற்புதம்" என்றார். படம் எடுத்தார்கள்.

பெண்கள் வரிசையாக வந்தார்கள். தையல்காரி, ஒரே பெயர்க்காரிகள், கோழிக்காரி. கோழிக்காரி எழுதும்போது நாக்கைக் கடித்துக்கொண்டாள். சான்றிதழ் கிடைக்காத மருமகளும் வரிசையில் புகுந்தாள். விருந்தினர் முன்னால் அவளை யாரும் பிடித்து இழுக்க முடியவில்லை. மாமியாரின் வரியிலேயே ஒரு முனையைப் பிடித்து, அதே பெயரைத் திருத்தமாக ஆழப்படுத்தினாள். கடைசியாகச் சாந்துக்காரி. ஆணியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இடுப்பிலிருந்து கரண்டியை எடுத்தாள். கொம்பில் தொடங்கி, முழுப் பெயரையும் எழுதினாள். ஓர் எழுத்தும் பிளக்கவில்லை.

"இப்ப ஒரு செயல்விளக்கம் உண்டுங்க" என்றாள் தையல்காரி, நிகழ்ச்சிநிரலில் இல்லாத தைரியத்தோடு. எல்லாரும் சேர்ந்து படித்தார்கள்.

"இவ்வூர்ப் பெண்களாகிய எங்களுக்கு இனிக் கேட்பதற்கு..."

அதற்குக் கீழே இருந்த பெயர்களை ஒவ்வொருத்தியும் ஒவ்வொன்றாகப் படித்தாள். மகன் பெயர். தம்பி பெயர். அப்பா பெயர், மருமகன் பெயர். கொத்தனார் பெயர். ஆண்களின் பெயர்கள் ஏன் வருகின்றன என்று விருந்தினர் யோசித்துக்கொண்டே கை தட்டினார்.

இயக்குநர் திரும்பிப் பார்த்தார். கல்லை மேலிருந்து கீழே படித்தார். மறுபடியும் படித்தார்.

"எதுவும் இல்லை எங்கே?" என்று கத்தினார். "எதுவும் இல்லை எங்கே போச்சு?"

அந்த ஊரில் 'எங்கே' என்று கேட்ட முதல் அதிகாரி அவர்தான்.

"அழிங்க அதை! ஈரம் காயறதுக்குள்ள அழிங்க!"

"எதை அழிக்கச் சொல்றீங்க?" விருந்தினர் எழுந்துவிட்டார். "நான் திறந்து வச்ச கல்லையா? படம் எடுத்து அனுப்பியாச்சு. இப்ப நான் எதைத் திறந்ததா எழுதுறது?"

"ஐயா, அதில்லை, வாசகம்..."

"தொட்டா சட்டம் சும்மா விடாதுன்னு சொன்னது நீங்கதானே?"

அழிக்கலாமா என்று ஆராய அங்கேயே ஒரு குழு அமைத்தார்கள். குழுவுக்குத் தலைவர் யார் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே நல்ல வெயில் ஏறியது. சாந்துக்காரி கலவையில் சிமெண்டைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டிருந்தாள்.

கல் இன்னும் அங்கேதான் நிற்கிறது. இயக்ககத்தின் ஆண்டறிக்கையில், 'பயனாளிகள் எதிர்பார்த்ததைவிட நீளமான பெயர்களை எழுதினர்' என்று ஒரு வரி இருப்பதாகக் கேள்வி. தேடல் பிரிவில் மனுக்கட்டைப் பரண்மேல் போட முடியவில்லை. குமாஸ்தா ஜன்னலைச் சாத்தப் போகும்போதெல்லாம், "எங்க ஊர்க் கல்லைப் படிச்சீங்களா சார்?" என்று வெளியே ஒரு குரல் கேட்கும். ஒருநாள் ஒருத்தி, மறுநாள் இன்னொருத்தி. இப்போது மனுக்களை அவர்களே எழுதுகிறார்கள். எழுவாயோடு.

கசிவு அதிகாரி மட்டும் பெட்டியோடு மறுபடி வந்தார். நாற்காலியைப் போட்டுச் சாந்துக்காரியை உட்கார வைத்தார். பெண்கள் எல்லாரும் ஜன்னலில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். சரியான பதில் என்ன என்பது எல்லாருக்கும் தெரியும். அதைச் சொல்லிவிட்டால் அட்டை பத்திரம்; கையெழுத்து செல்லும்; இயக்ககம் மன்னித்துவிடும்.

அவர் பெட்டிக்கு அடியில் தேடி, இதுவரை யாருக்கும் காட்டாத, முனை மடங்காத ஓர் அட்டையை எடுத்தார். மூக்குக்கு நேரே பிடித்தார்.

"இது என்ன?"

சாந்துக்காரி மாராப்பிலிருந்து சான்றிதழை எடுத்து மேசைமேல் வைத்து, அவர் பக்கம் நகர்த்தினாள்.

"கே."

அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். சிவப்புப் பேனாவைத் திறந்தார். "உன் பேர்ல இது இல்லையே. யாரோட எழுத்து இது?"

"என் வீட்டுக்காரரோடது. அவர் எங்கேன்னு நீங்க சொல்ற வரைக்கும் என்கிட்டதான் இருக்கும். எழுதிக்குங்க."